தலையணை தூரம்

கண்ணாடி விற்றுப் பிழைக்கிறவன், "ஆபரேஷன் பண்ணிக்கொண்டு கண்ணாடியைத் தூக்கிப் போடப் போகிறேன்" என்று அறிவித்தால் கேட்டவர்கள் என்ன செய்வார்கள்? சிரித்தார்கள். பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரர், "சொந்த ஓட்டல் சாப்பாட்ட முதலாளியே சாப்பிட மாட்டேங்கறாரு, பாத்தீங்களா?" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபமே வரவில்லை. என்னைப் பார்த்துச் சிரிக்க இதைவிட நல்ல காரணங்கள் இருந்தன. பாவம், அவை அவருக்குத் தெரியாது.

கடையின் பின்னறையில் உட்கார்ந்து வருகிறவர்களின் கண்ணுக்குப் பவர் பார்ப்பது என் வேலை. முன்னால் நின்று பிரேம்களை எடுத்துக் காட்டி, மூக்குக்கும் காதுக்கும் பொருந்தும்படி வளைத்து நிமிர்த்தி, கடுகு சைஸ் ஸ்க்ரூவை முடுக்கிக் கொடுப்பது என் மனைவி. கடை அவளுடைய அப்பா வைத்தது. நான் வேலைக்கு வந்து மாப்பிள்ளையானவன். அதனால் அவளை 'முதலாளியம்மா' என்றுதான் கூப்பிடுவேன். கேலியாகத்தான் ஆரம்பித்தேன். போகப் போகக் கேலி கரைந்து உண்மை மட்டும் மிஞ்சிவிட்டது.

என் கண்ணுக்கும் சின்ன வயதிலிருந்தே கண்ணாடிதான். பள்ளிக்கூடத்தில் வைத்த பட்டப்பேர் சோடாபுட்டி. அந்தப் பேர் என்னோடு எல்லா இடத்துக்கும் வந்தது, கல்யாணப் பத்திரிகையைத் தவிர. பவர் மைனஸ் எட்டு. அதாவது, வெளிச்சம் கண்ணுக்குள் நுழைந்து, வளைந்து, பின்னால் இருக்கிற திரையில் போய்ச் சேர வேண்டும். என் கண்ணில் அது அவசரக்குடுக்கை. திரைக்கு முன்னாலேயே கூடிவிட்டு, திரைக்குப் போகும்போது கலைந்துவிடும். மைனஸ் கண்ணாடி அதைக் கொஞ்சம் விரித்து, பதறாமல் போகச் சொல்லி அனுப்பி வைக்கும். கண்ணாடியைக் கழற்றினால் உலகம் முழுவதும் வெந்நீர் ஆவிக்குள் போய்விடும்.

ஆனால் மைனஸ்காரனுக்கு ஓர் ஆறுதல் பரிசு உண்டு. மிகக் கிட்டத்தில் இருப்பது மட்டும் கண்ணாடி இல்லாமலே பளிச்சென்று தெரியும். என் கண்ணுக்கு அந்தக் 'கிட்டம்' அரைச் சாண். தினமும் காலையில் விழித்ததும், கண்ணாடியைத் தேடுவதற்கு முன், இடது பக்கம் திரும்பி, தலையணையில் ஊர்ந்து ஊர்ந்து என் மனைவியின் முகத்தருகே போவேன். அரைச் சாண் வந்ததும் அவள் தெரிவாள். மொத்தமாக அல்ல, தவணை முறையில். ஒரு நாள் புருவம் கிடைக்கும். ஒரு நாள் கண்ணோரச் சுருக்கம். மூக்குக்கு அடியில் ஒரு மச்சம் இருக்கிறது, அதைப் பார்த்தவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான் என்று எனக்கு ஒரு கர்வம். அவள் கண்ணைத் திறக்காமலே, "மூச்சு மேல படுது. தள்ளிப் படுங்க" என்பாள். நான் தள்ளிப் படுத்துக் கண்ணாடியைத் தேடுவேன். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் பொழுது இப்படித்தான் விடிந்தது. இதற்குக் காதல் என்று பேர் வைக்க எனக்குக் கூச்சம். கிட்டப்பார்வை என்றால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

இப்படி இருக்கையில், இரண்டு மூன்று வருடமாக என் கண்ணாடி எனக்குப் போதவில்லை. எட்டை ஒன்பதாக்கினேன். ஒன்பதைப் பத்தாக்கினேன். கடைசியில் பதினொன்றில் வந்து நின்றது. ஐம்பதைத் தாண்டியவனுக்கு மைனஸ் பவர் ஏறுகிறதென்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் தொழிலில் இருக்கிற கடைக்குட்டிக்கும் தெரியும். கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் பழுத்து, கெட்டியாகி, வெளிச்சத்தை அளவுக்கு மேல் வளைக்கிறது. சுருக்கமாக, கண்புரை. என் நாற்காலியில் உட்கார்ந்த எத்தனையோ பெரியவர்களிடம், "ஐயா, இது கண்ணாடியால தீராது. டாக்டர்கிட்ட போங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு மட்டும் அந்தச் சீட்டை எழுதத் தோன்றவில்லை. பல்ப் சரியில்லை என்றேன். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பின்னறையில் வேறு லைட் போட்டேன். அதுவும் மங்கல் என்று அவரோடு சண்டை போட்டேன். "சார், இதுக்கு மேல வெளிச்சம் வேணும்னா கூரையத்தான் பிரிக்கணும்" என்றார் அவர். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அதற்கு என் போட்டோவைப் போடலாம்.

சரி, எழுத்துப் பலகையைப் படித்துப் பார்த்தாலே குட்டு வெளிப்பட்டிருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். படித்துப் பார்த்தேன். அங்கேதான் நான் என்னையே ஏமாற்றியது. சுவரில் மாட்டியிருக்கும் அந்தப் பலகையில் மேலே பெரிய எழுத்தில் தொடங்கி, கீழே போகப் போகச் சிறிதாகும். நாள் முழுவதும், வருடம் முழுவதும், மற்றவர்கள் அதைப் படிக்க நான் கேட்டுக்கொண்டே இருப்பவன். கடைசி வரி 'ப, ட, ம, ர, ய'. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, கடைசி வரி வரை கடகடவென்று படித்துவிட்டு, "கண்ணு கல்லு மாதிரி இருக்கு" என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன். நான் படித்தது பலகையை அல்ல, என் ஞாபகத்தை.

என்னைப் பிடித்தது ஒரு தலைமையாசிரியை. ஓய்வு பெற்றவர், ஆனால் அது அவருடைய குரலுக்குத் தெரியாது. கண்ணாடி மாற்ற வந்திருந்தார். நான் அவர் மூக்கில் சோதனை பிரேமை மாட்டி, லென்ஸ்களைச் சொருகி, கடைசி வரியைப் படிக்கச் சொன்னேன்.

"வ, ய, ள, ன, ப" என்றார்.

"அவசரப்படாதீங்க டீச்சர். நிதானமாப் பாருங்க."

"நிதானமாத்தான் பாக்கறேன். வ, ய, ள, ன, ப."

கால் பவர் கூட்டினேன். மறுபடியும் அதே பாட்டு. இன்னொரு கால் கூட்டினேன். அவர் தலை சுற்றுகிறது என்றார். அதைக் குறைத்து வேறொன்றைச் சொருகினேன். அப்போதும் 'வ, ய, ள, ன, ப'தான். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. அங்க இருக்கறது ப, ட, ம, ர, ய. இங்கேருந்து எனக்கே பளிச்சுன்னு தெரியுது."

தலைமையாசிரியை சோதனை பிரேமோடு எழுந்தார். பலகைக்குப் பக்கத்தில் போய், சுட்டுவிரலை ஒவ்வொரு எழுத்தாக வைத்து, முதல் வகுப்புக்குப் பாடம் எடுக்கிற மாதிரி படித்தார். "வ. ய. ள. ன. ப. இதுல 'ட' எங்க இருக்கு? வந்து காட்டுங்க."

போய்ப் பார்த்தேன். மூக்கு உரசும் தூரம் போனதும் தெரிந்தது. 'ட' இல்லை. சத்தம் கேட்டு என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அது புதுப் பலகைங்க. பழசு மஞ்சளாப் போச்சுன்னு நேத்து சாயங்காலம் நான்தான் மாத்தினேன். உங்களக் கூப்பிட்டுக் காட்டினேனே? 'ம், நல்லா இருக்கு'ன்னு சொன்னீங்களே?"

சொன்னேன்தான். முதலாளியம்மா எதைக் காட்டினாலும் நல்லா இருக்கு என்று சொல்வது என் வழக்கம்.

தலைமையாசிரியை நாற்காலியில் மறுபடி உட்கார்ந்து கைகளைக் கட்டிக்கொண்டார். "மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கற பசங்கள ஆயுசு பூரா பாத்திருக்கேன். பாடத்த மாத்தினாக்கூடத் தெரியாம பழசையே சொல்லிட்டு நிப்பாங்க. அதே ரகம் நீங்க. மொதல்ல உங்க கண்ணக் காட்டிட்டு வாங்க. அப்புறம் நான் வர்றேன்."

அன்று மத்தியானமே முதலாளியம்மா பின்னறைக்குப் பூட்டுப் போட்டு, என்னைக் கையைப் பிடித்துக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். நான் சீட்டு எழுதி ஆள் அனுப்புகிற அதே டாக்டரம்மா. கருவிக்குள் என் கண்ணைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளி உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு கண்ணுலயும் புரை நல்லா முத்திப் போயிருக்கு. இத வெச்சுக்கிட்டா அடுத்தவங்களுக்குப் பவர் பாத்தீங்க?"

"எங்க பாத்தாரு? ஒப்பிச்சாரு" என்றாள் என் மனைவி.

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற ஜாதி நான். வெளியே வரும்போதே எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. காரணம் இதுதான். புரை ஆபரேஷனில் பழுத்த லென்ஸை எடுத்துவிட்டு, அங்கே ஒரு குட்டிச் செயற்கை லென்ஸை வைப்பார்கள். அதற்கு என்ன பவர் என்பதை அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். அப்படியானால் என் மைனஸ் பதினொன்றையும் சேர்த்தே துடைத்துவிடலாம். தூரத்துக்குக் கண்ணாடியே வேண்டாம். சோடாபுட்டிக்கு விடுதலை!

முதலில் வலது கண், கொஞ்ச நாள் விட்டு இடது கண் என்று ஏற்பாடு. நாள் குறிக்கப் போனபோது என் ஆசையைச் சொன்னேன். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார்.

"தூரத்துக்கு வெச்சா கிட்டத்துல தெளிவு போயிடும். நீங்க பொறந்ததுலேருந்து கிட்டத்துல பாத்துப் பழகினவர். நல்லா யோசிச்சீங்களா?"

"டாக்டர், எனக்கா சொல்றீங்க? இத நான் தினம் பத்துப் பேருக்குச் சொல்றேன். படிக்க ஒரு ரீடிங் கண்ணாடி, அவ்வளவுதானே? கடை நம்மளுது."

"கிட்டத்துல பாக்கறதுன்னா படிக்கறது மட்டும்தானா?" என்று என் மனைவி கேட்டாள். நான் அவளைக் கையமர்த்தினேன். தொழில் தெரிந்தவர்கள் இரண்டு பேர் பேசும்போது குறுக்கே பேசலாமா? ரெண்டு கண்ணும் தூரத்துக்கே என்று சொல்லிவிட்டு வந்தேன். வருகிற வழியெல்லாம் அவள் எனக்கு நாலடி பின்னாலேயே நடந்து வந்தாள். நடக்கிற களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆபரேஷனைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. என் வாடிக்கைக்காரர்களிடமெல்லாம், "கொசு கடிச்ச மாதிரிகூட இருக்காது" என்று அடித்துச் சொல்வேன். அது உண்மைதான். ஆனால் முகத்தின் மேல் ஓட்டை போட்ட துணியைப் போர்த்தி, இமையைக் க்ளிப் போட்டுத் திறந்து வைத்து, விளக்கைக் கிட்டே கொண்டு வந்தபோது, என் முழங்கால்கள் தானாக ஆடத் தொடங்கின. பக்கத்தில் நின்ற நர்ஸின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவருக்கு விரல் நெரிந்திருக்க வேண்டும்.

"சார், நீங்க அனுப்பற ஆளுங்க எல்லாரும், 'கண்ணாடிக் கடைக்காரர் சொன்னாரு, ஒண்ணுமே இல்லையாம்'னு சிரிச்சுக்கிட்டே வருவாங்க" என்றார் நர்ஸ்.

"அவங்களுக்கு நான் சொன்னேன். எனக்கு யாரும்மா சொல்றது?"

"நான் சொல்றேன். ஒண்ணுமே இல்ல. என் கைய மட்டும் விடுங்க."

விளக்கு தண்ணீருக்கடியில் போனதுபோல அலைந்தது. நீலமும் சிவப்புமாக உடைந்தது. அப்புறம் ஒரு கணம் ஒன்றுமே உருவமில்லாமல் வெறும் வெளிச்சமாக நின்றது. பழைய லென்ஸ் போய்ப் புதியது வராத கணம் அது. சுருட்டி உள்ளே விட்ட புது லென்ஸ் மெதுவாக விரிந்ததும், ஒன்று என்று நினைத்திருந்த விளக்கு, ஓரம் கத்தரித்ததுபோல மூன்று வட்டங்களாக வந்து உட்கார்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "கண்ண அசைக்காதீங்க" என்று டாக்டரம்மா அதட்டினார்.

மறுநாள் கட்டைப் பிரித்த பிறகு என்னைப் பிடிக்க ஆளில்லை. தெருவில் இருந்த போர்டுகளையெல்லாம் உரக்கப் படித்துக்கொண்டே நடந்தேன். பஸ் நம்பர், பஸ்ஸுக்குள் ஒட்டியிருந்த விளம்பரம், எதிர்மாடி பால்கனியில் காய்ந்த துணியின் கிளிப் வரை எல்லாம் தெரிந்தன. நிறங்கள் வேறு. பால் நிறம் என்று நான் ஆசையாகப் போட்டு வந்த சட்டை உண்மையில் பழுப்பு. என் கடையில் இவ்வளவு தூசியா என்று துடைப்பத்தை எடுத்தேன். கண்ணாடி இல்லாத என் முகத்தை நிலைக்கண்ணாடியில் முழுசாகப் பார்த்ததும் கொஞ்சம் அதிர்ச்சி. வெளியூரில் இருக்கும் மகள் வீடியோ காலில் கூப்பிட்டாள். ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "அம்மா, அப்பாவோட போன யாரோ எடுத்துட்டாங்க" என்றாள்.

ராத்திரி தூக்கத்தில் கண்ணைத் தேய்த்துவிடக் கூடாதென்று ஒரு வாரம் பிளாஸ்டிக் மூடி போட்டுத் தூங்கச் சொல்லியிருந்தார்கள். அந்த வாரம் விடிந்ததெல்லாம் மூடிக்குள்தான். மூடி போடாத முதல் காலையில் விழித்தேன். கொடியில் காயும் துண்டின் கரைகூடத் தெரிந்தது. மூலையில் பல்லி ஒன்று. அதன் கால் விரல்களை எண்ணலாம். ஆகா என்று இடது பக்கம் திரும்பினேன்.

என் மனைவி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மங்கல் இருந்தது.

வழக்கம்போல ஊர்ந்து கிட்டே போனேன். போகப் போக மங்கல் இன்னும் மோசமாயிற்று. மூக்கு மூக்கில் இடிக்கிற தூரத்தில் அவள் இல்லவே இல்லை. பின்னால் நகர்ந்தேன். கட்டிலின் விளிம்பு வரை நகர்ந்து, ஒரு காலைத் தரையில் ஊன்றியும் அவள் தெளியவில்லை. சுவரில் இருக்கிற பல்லியின் விரல் தெரிகிறது, பக்கத்தில் இருக்கிற பெண்டாட்டியின் முகம் தெரியவில்லை.

பதறிப்போய் வலது கண்ணைப் பொத்தினேன். ஆபரேஷன் ஆகாத இடது கண்ணுக்கு அவளைக் காட்டலாமே? இங்கே ஒரு சங்கடம். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இடது கண் தலையணைக்குள் புதைந்துவிடும். மேலே இருப்பது வலது கண்தான். இத்தனை வருடம் அவளைப் பார்த்ததெல்லாம் வலது கண்தான் போலிருக்கிறது. முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கி, கழுத்தை வளைத்து இடது கண்ணை நாலு விரல் தூரத்துக்குக் கொண்டு போனேன். தெரிந்தாள். பழுப்பு நிறத்தில், புகைக்குள் இருப்பதுபோல, ஆனாலும் தெரிந்தாள். மச்சம் இருந்தது. இந்தக் கண்ணும் தூரத்துக்குப் போய்விட்டால் இதுவும் போய்விடும்.

"மூச்சு மேல படுது" என்றாள் அவள்.

அடுத்த நாள் காலையில் ரீடிங் கண்ணாடியைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்து மாட்டிப் பார்த்தேன். ஒருக்களித்துப் படுத்ததில் காதில் மாட்டும் கம்பி ஒன்று நெளிந்து, லென்ஸ் நெற்றிக்கு ஏறிவிட்டது. அவள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். "என்ன, என்னப் படிக்கப் போறீங்களா?" என்றாள். அந்தக் கண்ணாடியை அன்று கடையில் அவளேதான் நிமிர்த்திக் கொடுத்தாள், காரணம் கேட்காமல்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. ஆபரேஷனுக்கு முன்னால் வந்தது முழங்காலில் வந்த பயம். இது வேறு. நாள் முழுவதும் எத்தனை பேருடைய கண்ணைப் பார்க்கிறேன், எதிரில் வந்து உட்கார்ந்ததும், "நீங்க கிட்டத்துல எதப் பாப்பீங்க?" என்றுதானே முதலில் கேட்கிறேன்? தையல்காரர் ஊசியைச் சொல்வார். கணக்கெழுதுகிறவர் எண்ணைச் சொல்வார். என்னிடம் அந்தக் கேள்வியை என் மனைவி கேட்டாள். நான் கையமர்த்தினேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரி, எனக்குத் தலையணையும் தெரியவில்லை.

இடது கண்ணுக்கு நாள் குறிக்கப் போனோம். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "டாக்டர், இந்தக் கண்ண தூரத்துக்கு வைக்க வேண்டாம். கிட்டத்துக்கு வெச்சிடுங்க" என்றேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "ரெண்டும் தூரத்துக்குன்னு குதிச்சீங்களே? சரி, படிக்கற தூரத்துக்கு வைக்கலாம்."

"அதவிடக் கொஞ்சம் கிட்ட."

"போன் பாக்கற தூரமா?"

"இன்னும் கொஞ்சம் கிட்ட."

"அப்படி என்ன பாப்பீங்க அவ்வளவு கிட்டத்துல?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "பிரேமுக்கு ஸ்க்ரூ மாட்டணும், டாக்டர். குட்டி ஸ்க்ரூ."

"ஸ்க்ரூ மாட்டறது நான்" என்றாள் முதலாளியம்மா.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"பாருங்க. ஒரு கண்ணு தூரம், ஒரு கண்ணு அவ்வளவு கிட்டம்னா ரெண்டும் ஒத்துப் போகாது. மாடிப்படி எறங்கும்போது தடுமாறும். அத சரி பண்ண நீங்க நாள் பூரா கண்ணாடி போட்டுக்கணும். கண்ணாடியே வேணாம்னுதானே வந்தீங்க?"

"போட்டுக்கறேன், டாக்டர்."

"திரும்பவுமா?"

"திரும்பவும்தான்" என்றேன். இந்த வார்த்தை பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரர் காதுக்கு எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். போகட்டும்.

"அப்ப அந்த ஸ்க்ரூ எவ்வளவு தூரத்துல இருக்குன்னு அளந்துட்டு வாங்க. அதுக்குத் தகுந்த பவர் போடறேன்" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா வேண்டுமென்றே ஜன்னலைப் பார்த்தார்.

மறுநாள் மத்தியானம், அவள் கடையில் இருக்கும் நேரம் பார்த்து மாடிக்கு வந்தேன். எங்கள் வீடு கடைக்கு மேலேதான். கட்டிலில் என் இடத்தில் ஒருக்களித்துப் படுத்தேன். கையில் அளவு நாடா. எதிர்த் தலையணையில் அவள் தலை இருக்க வேண்டுமே, அளப்பதற்கு? வீடு முழுவதும் தேடியதில் தலை அளவுக்குப் பொருத்தமாக அகப்பட்டது குக்கர் ஒன்றுதான். அதைத் தலையணையில் படுக்க வைத்து, என் கண்ணிலிருந்து நாடாவை இழுத்துக் குக்கரின் நடுவில் பிடித்தேன். குக்கர் உருண்டது. "சும்மா இரு" என்று சொல்லி நிமிர்த்தினேன்.

"யாரு அது?" என்று வாசலில் குரல் கேட்டது.

"குக்கர்."

"அது தெரியுது. என் தலையணையில அது என்ன பண்ணுது?"

எழுந்து உட்கார்ந்தேன். நாடா சர்ரென்று சுருண்டு டப்பாவுக்குள் போய்விட்டது. எனக்கு ஒளிய டப்பா இல்லை. சொல்லிவிட்டேன். "ரெண்டு கண்ணும் தூரத்துக்குப் போயிட்டா, காலையில உன் முகம் தெரியாதும்மா. கண்ணாடி இல்லாம நான் ஒழுங்காப் பாத்த முகம் அது ஒண்ணுதான். அது போயிடுமேன்னு பயமா இருக்கு."

அவள் வாசலிலேயே நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். படியேறி வந்த வியர்வை என்று நினைக்க எனக்கு உரிமை உண்டு. பிறகு வந்து குக்கரை எடுத்துக் கீழே வைத்தாள்.

"இதத்தான் அன்னைக்கு டாக்டர்கிட்டயே கேட்டேன். கைய நீட்டி நிறுத்தினீங்க" என்றாள்.

"தொழில் தெரிஞ்சவன்னு நெனச்சேன்."

"தெரிஞ்சவர்தான். ஒப்பிப்பீங்களே." தன் தலையணையில் படுத்து, என் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அளங்க. குக்கருக்கு மூக்கு இல்ல, அளவு தப்பாப் போயிடும்."

அளந்தேன். முப்பத்து மூன்று சென்டிமீட்டர். நூறை அதால் வகுத்தால் வருவதுதான் பவர். பாடப் புத்தகத்துக்காகவே அளந்ததுபோல, மைனஸ் மூன்று. அவளுக்குக் கூச்சம் வந்து கண்ணை மூடிக்கொண்டாள். வாடிக்கைக்காரர்களிடம் சொல்வதுபோல, "அசையாம நேரா பாருங்க" என்றேன். அடி விழுந்தது.

இரண்டாவது ஆபரேஷனும் முடிந்தது. இந்த முறை நர்ஸ் கையைக் கொடுக்கவில்லை, சுருட்டிய துண்டு ஒன்றைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து படுக்கப் போனேன். கட்டிலில் என் தலையணை இருந்த இடத்தில் அவள் தலையணையும், அவளுடையது இருந்த இடத்தில் என்னுடையதும் இருந்தன. ஜன்னல் பக்கம் இல்லாமல் தூக்கம் வராது என்று கல்யாணமான அன்றைக்கே பிடித்துக்கொண்ட இடம் அவளுடையது. காய்ச்சலில்கூட விட்டுக்கொடுத்ததில்லை.

"என்ன இது?" என்றேன்.

"டாக்டர் இடது பக்கம் படுக்கக் கூடாதுன்னு சொன்னாங்க இல்ல? வலது பக்கம் திரும்பித்தான் படுக்கணும். அப்படிப் படுத்தா மேல இருக்கறது எந்தக் கண்ணு? யோசிங்க. தொழில் தெரிஞ்சவர்தானே?" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்துவிட்டாள்.

பிளாஸ்டிக் மூடியின் வாரம் கழிந்தது. மூடி இல்லாமல் விடிந்த காலையில், வலது பக்கம் திரும்பினேன். ஊர வேண்டியிருக்கவில்லை. என் தலையணையில் என் தலை இருக்க, அவள் தலையணையில் அவள் இருந்தாள். முழு முகம். நெற்றியிலிருந்து முகவாய் வரை, தவணை இல்லாமல், ஒரே நேரத்தில். இரண்டு புருவமும் ஒரே மாதிரி இல்லை என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். காதோரம் நிறைய நரைத்திருந்தது. ஒழுங்காகப் படித்துக்கொண்டே கிடந்தேன். மனப்பாடம் இல்லை, உண்மையாகவே படித்தேன்.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ. அவள் கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

"தெரியுதா?"

"நல்லாத் தெரியுது. இருக்கற எடத்துலேருந்தே தெரியுது."

அவள் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டாள். பிறகு, "அப்ப இனிமே கிட்ட வர வேண்டாம், இல்ல?" என்றாள்.

அளந்தவன் நான். நாடா பிடித்து, பவர் கணக்குப் போட்டு, டாக்டரிடம் சண்டை போட்டு வாங்கியவன். இதை மட்டும் அளக்க மறந்துவிட்டேன். தலையணையில் ஊர்ந்து ஊர்ந்து பழைய தூரத்துக்குப் போனேன், அரைச் சாணுக்கு. அங்கே அவள் முகம் முழுவதும் கலங்கிவிட்டது. மைனஸ் மூன்றுக்கு அந்தத் தூரத்தில் கலங்கத்தான் வேண்டும். புருவமும் தெரியவில்லை, மச்சமும் தெரியவில்லை.

"மூச்சு மேல படுது" என்றாள்.

தள்ளிப் படுக்கச் சொல்லவில்லை.